பளபளன்னு கழுவுன பீக்கர்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி பிராக்டிக்கல் பரீட்சை. ஒரு வெள்ளைப் பொடி குடுப்பாங்க. அதுல ரெண்டு சாமான் கலந்திருக்கும். தனித்தனியாப் பிரிச்சுக் காட்டணும். அவ்ளோதான்!

இதுல போச்சுன்னா அரியர். அரியர் விழுந்தா பி.எட். அடுத்த வருசம்தான். அந்த ஒரு வருசமும் அண்ணன் வாயில விழுந்து எந்திரிக்கணும்.

என் பொடியில ஒரு அமிலமும், பாச்சை உருண்டையில இருக்குற நாப்தலீனும் இருந்துச்சு. ஈதர்ல கரைச்சு, அடியில திருகு வச்ச கண்ணாடிப் புனல்ல ஊத்தி, சோடா உப்புத் தண்ணி விட்டுக் குலுக்கணும். அமிலம் தண்ணியோட கீழ எறங்கிடும். நாப்தலீன் மேல ஈதர்லயே நிக்கும். கீழ்த்தண்ணியப் பிடிச்சு அதுல வேற ஒரு ஆசிட் விட்டா, கரைஞ்ச அமிலம் வெள்ளையாத் திரும்பி வரும்.

படிக்க எவ்ளோ அழகா இருக்கு!

குலுக்கினேன். நடுநடுவுல கேஸைத் திறந்து விடணும். மறந்துட்டேன். டப்புன்னு மூடி பறந்து, பக்கத்து டேபிள் கலா காதை உரசிட்டுப் போச்சு.

"ஏண்டி, பரீட்சைக்கு வந்தியா, என்னைக் கொல்ல வந்தியா?"

ஒரு வழியா கீழ்த்தண்ணிய பீக்கர்ல பிடிச்சேன். பாக்க வெறும் பச்சத்தண்ணிதான். அப்பன்னு பாத்து, வெளியூர்லேர்ந்து வந்த எக்ஸாமினர் சார் எங்க வரிசைக்குத் திரும்பினாரு.

இங்க ஒண்ணு சொல்லணும். அரியலூர்ல எங்க வூடு சுண்ணாம்புக்கல்லு லாரி போற ரோட்டு மேல. தொடைச்சு முடிக்கறதுக்குள்ள எல்லாம் வெள்ளையாயிடும். கேட்டுல ஆள் சத்தம் கேட்டாப் போதும், அம்மா கத்தும்: "ஆளு வராங்கடி! பாத்திரத்தக் கழுவிக் கவுத்து!" பொறந்ததுலேர்ந்து கேட்டு வளந்த சத்தம். கை தானா ஓடும்.

ஓடிச்சு! சார் வந்து நிக்கறதுக்குள்ள கீழ்த்தண்ணியக் கழிவு ஜாடியில கொட்டி, பீக்கரைப் பளபளன்னு கழுவிக் கவுத்துட்டேன்.

"பரவால்லயே, டேபிளை இவ்ளோ சுத்தமா வச்சிருக்கியே! சரி, உன் கீழ்த்தண்ணி எங்கம்மா?"

"கழுவிட்டேன் சார்."

சொன்னப்புறம்தான் எனக்கே உறைச்சுது. சார் என்னையும் பீக்கரையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு நகந்துட்டாரு.

கழிவா இருந்தா என்ன? என் அமிலம் அந்த ஜாடிக்குள்ளதான இருக்கு! அவசரத்துல மடமடன்னு ஆசிட்டை ஊத்தினேன். பொங்குச்சு பாருங்க! நுரை ஜாடியத் தாண்டி, டேபிளத் தாண்டி, என் ரெக்கார்டு நோட்டு வரைக்கும் வந்துடுச்சு.

"பொங்கல் பொங்கிடுச்சு, குலவை போடவாடி?"ன்னா கலா. ஆனா அவ கண்ணு ஏனோ அந்த ஜாடி மேலயே இருந்துச்சு.

நுரை அடங்கினதும் வெள்ளையா வந்துச்சு, கொத்துக் கொத்தா! வடிகட்டி, காய வச்சு, புனல்ல நின்ன ஈதரை ஆவியாக்கி நாப்தலீனையும் எடுத்து, ரெண்டையும் எடை போட்டு, நெஞ்ச நிமித்திக்கிட்டு சார்கிட்ட நீட்டினேன்.

சார் கண்ணாடியக் கழட்டினாரு.

"உனக்குக் குடுத்தது மொத்தமே நாலு கிராம். நாப்தலீன் ரெண்டு கிராம் எடுத்துட்ட. அமிலம் மட்டும் மூணரை கிராம் காட்டுற. மிச்சம் எங்கேர்ந்தும்மா வந்துச்சு?"

கலா டேபிளைப் பாத்தேன். அங்கயும் ஒரு பீக்கர் பளபளன்னு கவுந்து கெடந்துச்சு. அவளுக்கும் இதே பொடிதான். எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கழிவு ஜாடிதான்.

"நீ கழுவுனதப் பாத்து நானும் கழுவிட்டேன்டி! நீதான நல்லாப் படிக்கறவ!"

சார் ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காந்துட்டாரு. "கலவையப் பிரிங்கன்னா, ரெண்டு பேருதையும் சேத்துக் கலந்து வச்சிருக்கீங்க."

அமிலத்துக்கு ரெண்டு பேருக்கும் சைபர். நாப்தலீன் மார்க்குல தேறுனாத்தான் உண்டு.

அழுதுக்கிட்டே வூட்டுக்கு வந்தேன். செருப்பக் கழட்டுறேன், பின்னாடியே கேட்டு தெறக்கற சத்தம்.

"ஆளு வராங்கடி! பாத்திரத்தக் கழுவிக் கவுத்து!"

"ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் எதையும் கழுவறதா இல்லம்மா."