கடல் இடப்பக்கமே இருக்கட்டும்

மனைவி அகாயிதிக்கு பைக் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது என்று நூரோவா தீர்மானித்தார். அவள் எக்காலத்திலும் பைக் ஓட்டிவிடக் கூடாது என்பதுதான் காரணம்.

கேட்கக் கோணலாக இருக்கலாம். ஆனால் அகாயிதியிடம் நேராக யோசித்து நூரோவா ஜெயித்ததே கிடையாது. முடியாது என்று சொன்னால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வேறு வழி பார்த்துக்கொள்வாள். நானே சொல்லித் தருகிறேன் என்றாலோ தப்புத் தப்பாகச் சொல்லித் தரலாம். லைசென்ஸ் தேர்வில் அவளைத் தோற்கடிப்பது போலீஸாக இருக்கும். கெட்ட பெயர் போலீஸுக்கு, பைக் நூரோவாவுக்கு.

விஷயம் இதுதான். முரியில் இருக்கும் விடுதியில், சலவைப் பிரிவில் அகாயிதிக்கு ஒரு வேலை காத்திருந்தது. முதல் பேருந்து கிளம்புவதற்கு முன்பே அங்கே போய் நிற்க வேண்டும். தானாக வந்து சேர முடிந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் இன்னொருத்திக்கு. பிள்ளைகள் ஆக்லாந்துக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பார்ப்பதற்கு மிச்சமிருந்தது நூரோவாவின் முகம் ஒன்றுதான். அதை அவள் வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று. காலையில் கொண்டுபோய் விடும்படி முதலில் அவரிடம்தான் கேட்டாள். விடியற்காலையில் தனக்கு முதுகு பிடித்துக்கொள்ளும் என்றார். சரி, நான் லைசென்ஸ் எடுக்கிறேன் என்றாள்.

வீட்டில் பைக் ஒன்றுதான். அதை அவள் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மீன்பிடிக் கிளப்புக்கு அவர் எதில் போவார்? அந்தக் கிளப்பில் யாரும் மீன் பிடிப்பதில்லை, பிடித்த மீனைப் பற்றிப் பேசுவார்கள். பேச்சு முடியும் வரை அகாயிதி வெளியே மாமரத்தடியில் சந்தைச் சாமான்களோடு நிற்பாள். ஐந்தே நிமிஷம் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் உள்ளே போவார். மரத்தில் பூ விட்டுக் காய் பழுத்துப் போனதைக்கூட அவள் அங்கே நின்றே பார்த்திருக்கிறாள்.

உண்மையைச் சொன்னால் பயம் பைக்கைப் பற்றி மட்டும் அல்ல. தான் கொண்டுபோய் விடாமலே அவள் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்பதுதான் அவரை அரித்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானேகூடப் பாதிதான் சொல்லிக்கொண்டார்.

எங்கள் ஊர் வழக்கப்படி வீட்டு வாசலிலேயே இருந்த அப்பாவின் கல்லறை மேல் உட்கார்ந்து யோசித்தார். யோசிக்க நல்ல இடம் அது. உயிரோடு இருந்தபோது அப்பா குறுக்கே குறுக்கே பேசுவார். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. வழி பளிச்சென்று கிடைத்தது.

தீவைச் சுற்றி ஒரே சாலை. வீடு கடற்கரைப் பக்கம். வாசலில் இடப்பக்கம் திரும்பினால், கடலை இடது கைப்பக்கமே வைத்துக்கொண்டு ஊர் ஊராகத் தாண்டி, தீவை ஒரு முழுச் சுற்று சுற்றி, மறுபடி இடப்பக்கமே திரும்பி வாசலுக்குள் வந்துவிடலாம். வலப்பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே வராது. தேர்விலோ காலி எண்ணெய்ப் பீப்பாய்களைச் சுற்றி எட்டுப் போட வேண்டும். பிறகு அவருவா நகரத்து வட்டச் சந்திப்பில் வலப்பக்கம் திரும்பிக் காட்ட வேண்டும். வலப்பக்கமே அறியாதவள் அங்கே போய் என்ன செய்வாள்?

மறுநாளே பாடம் தொடங்கியது.

"கடலை எப்பவும் இடது பக்கம் வச்சுக்க. பைக்னா அவ்வளவுதான்," என்றார்.

"வலது பக்கம் திரும்பணும்னா?"

"எதுக்குத் திரும்பணும்? சுத்தி வந்தா எல்லா ஊரும் தானா வந்துடும்."

"வலது பக்கம் அடுத்த வீடு மெரேயானா வீடு. அவளைப் பாக்கக்கூடத் தீவைச் சுத்தணுமா?"

"நடந்து போ. உடம்புக்கு நல்லது."

அவள் தலையாட்டிக்கொண்டாள். அந்தத் தலையாட்டலை நூரோவா பணிவு என்று எடுத்துக்கொண்டார்.

தினமும் மாலையில் அவள் முன்னால், அவர் பின்னால். பின்சீட்டில் உட்கார்ந்து போவது கௌரவக் குறைவாக இருந்ததால், எதிரே வருகிறவர்களிடம் எல்லாம் தான் வாத்தியார் என்று கையை உயர்த்தி அறிவித்தார். அகாயிதி மோசமான மாணவியாகவே இருந்தாள். கியரை மாற்றுவாள், வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். நாய் துரத்தினால் வண்டியை விட்டுவிட்டு நாயைத் திட்டுவாள். இரண்டு முறை, அவர் பின்னாலிருந்து குதித்துத் தப்பிக்க, அவள் மட்டும் செம்பருத்தி வேலிக்குள் போய் விழுந்தாள். "பரவாயில்லை, போகப் போக வரும்" என்று ஆறுதல் சொல்லித் தூக்கிவிட்டார் நூரோவா. உள்ளுக்குள் அவருக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. கிளப்பில் அவள் விழுந்த கதையைச் சொன்னபோது, அந்த வாரம் மீனைப் பற்றி யாருமே பேசவில்லை.

ஒன்றே ஒன்றுதான் அவருக்கு விளங்கவில்லை. பெட்ரோல் குறைந்தது. அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் சேவல்கூடத் தொண்டையை அடக்கிக்கொண்டுதான் கூவும். தேவாலயம் முடிந்து, பெண்கள் வெள்ளைத் தொப்பிகளைக் கழற்றி வைத்த பிறகு, குழியடுப்பில் வெந்த பன்றியும் தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பிலையும் சாப்பிடுவார்கள். பிறகு ஊரே தூங்கும். நூரோவா தூங்கினால் கூரையைப் பிரித்தாலும் தெரியாது. எழுந்து பார்த்தால் வண்டியின் என்ஜின் வெதுவெதுப்பாக இருக்கும். வெயில் என்று நினைத்துக்கொள்வார். பெட்ரோல் குறைந்ததைத்தான் அப்படி நினைத்துக்கொள்ள முடியவில்லை.

பக்கத்து வீட்டு மெரேயானாவிடம் முறையிட்டார். கணவனை இழந்தவள், சாகும்போது அவன் விட்டுப்போன வண்டி பழுதுபார்க்கும் கொட்டகையைத் தனியாக நடத்துகிறாள்.

"ஓய்வு நாள்லகூடத் திருடுறாங்க, மெரேயானா. கடவுள் பயமே இல்லாம போச்சு."

"ஆமாண்ணே, காலம் கெட்டுக் கிடக்கு," என்றாள் அவள், கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே.

நூரோவா பெட்ரோல் தொட்டி மூடிக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டார். சாவிகளைத் தொலைப்பது அவர் வழக்கம் என்பதால், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி அகாயிதியிடமே கொடுத்தார். அதன்பின் பெட்ரோல் குறையவே இல்லை. எப்படிக் குறையும்? ஓட்டியதற்குத் தகுந்த மாதிரி அவளே பூட்டைத் திறந்து நிரப்பிவிட்டாள். திருடனை மிரட்டி விரட்டிவிட்டேன் என்று அவர் கிளப்பில் சொல்லிக்கொண்டார்.

தேர்வு நெருங்கியது. நூரோவாவுக்கு அரைகுறை வேலை பிடிக்காது. தேர்வு நடத்துகிற சார்ஜென்ட் ரோங்கோ அவருடைய அக்கா மகன். அவன் வீட்டுக்கே போனார்.

"உங்க அத்தைன்னு பாக்காதே. எந்தச் சலுகையும் காட்டாதே. சட்டத்துல என்ன இருக்கோ, ஒரு வரி விடாம பாரு. எனக்கு அவ உசுரு முக்கியம்."

கொஞ்சம் விட்டுக்கொடு என்று கேட்டு வராத சொந்தக்காரரை ரோங்கோ அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்க்கிறான். "உங்களை மாதிரி ஒருத்தர் போதும் மாமா. நீங்க சொன்னபடியே செய்றேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டான்.

தேர்வு நாளன்று அகாயிதி தலைக்கவசத்தைச் சுற்றிப் பூமாலை கட்டிக்கொண்டு வந்தாள். தோற்கப் போகிறவளுக்கு எதற்குப் பூ என்று நூரோவா நினைத்துக்கொண்டார். தேர்வு மைதானத்து ஓரமாய் நிழலில் நின்று, வருத்தம் தெரிவிப்பதற்கான முகத்தைத் தயார் செய்துகொண்டார்.

அகாயிதி பீப்பாய்களைச் சுற்றி எட்டுப் போட்டாள். கேட்காமலே இன்னொன்றும் போட்டாள். பிறகு சாலையில் இறங்கினாள். வட்டச் சந்திப்பில் தோள் வழியாகத் திரும்பிப் பார்த்தாள். வலப்பக்க விளக்கு சிமிட்டியது. அந்த விளக்கு செத்து வருஷக்கணக்கில் ஆகிறது. அதைப் பழுது பார்க்க நூரோவா கை வைத்ததே இல்லை. அது சிமிட்டிக்கொண்டே இருக்க, அவள் சந்தைக்குப் போகிற மாதிரி சாவகாசமாக வலப்பக்கம் திரும்பிப் போனாள். நூரோவாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ரோங்கோ கைகுலுக்கினான். "பிரமாதம் அத்தை. யாரு சொல்லிக்குடுத்தது?"

"உங்க மாமாதான். தினமும் கூடவே உக்காந்து சொல்லிக்குடுத்தார். வேற யாரு இருக்கா எனக்கு?"

ரோங்கோ பெருமையோடு அவர் பக்கம் திரும்பினான். "கத்துக்குடுத்தவங்க லைசென்ஸையும் பாக்கணும்னு சட்டத்துல இருக்கு மாமா. யாரும் பாக்கிறதில்லை. நீங்கதான் ஒரு வரி விடக் கூடாதுன்னீங்க."

நூரோவா கால்சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். படத்தில் அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. ரோங்கோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அக்கா மகனின் முகம் மெல்லப் போலீஸ் முகமானது.

"இது காலாவதியாகிப் பல வருஷம் ஆச்சு மாமா. புதுப்பிக்கவும் முடியாது. முதல்லேர்ந்து தேர்வுக்கு வரணும். அதுவரைக்கும் வண்டியைத் தொடாதீங்க."

"ரோங்கோ, நான் உன் மாமாடா."

"அதனாலதான் அபராதம் போடல."

நூரோவா மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தில் ஆச்சரியத்தின் சுவடே இல்லை.

"உனக்கு இது தெரியுமா?"

"உங்க கால்சட்டையைத் துவைக்கிறது யாரு? அதை எடுத்து எடுத்துக் காயவச்சது யாரு?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேட்டிருக்கலாமே. எங்கிட்ட எதையாவது கேட்டிருக்கீங்களா, இத்தனை வருஷத்துல?"

வீட்டுக்கு அவள்தான் ஓட்டினாள். சட்டப்படி வேறு வழியில்லை. ரோங்கோ மைதானத்து வாசல் வரை வந்து பார்த்துக்கொண்டு நின்றான். நூரோவா பின்னால் உட்கார்ந்தார். இந்தத் தடவை கையை உயர்த்தி எதையும் அறிவிக்கவில்லை. ஊருக்கு ஊர் ஜனங்கள் அகாயிதியைப் பார்த்துக் கைகாட்டினார்கள். எல்லோருக்கும் விஷயம் முன்பே தெரியும் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் தூங்கவில்லை; அவர் ஒருத்தர்தான் தூங்கியிருக்கிறார்.

பாதி வழியில் அவரால் அடக்க முடியவில்லை. "எங்கிட்ட நடிச்சியா? வேலியில விழுந்ததெல்லாம் நடிப்பா?"

ஒரு பாலத்தைத் தாண்டிய பிறகுதான் பேசினாள்.

"முதல் தடவை நிஜமாத்தான் விழுந்தேன். முழங்கால்ல ரத்தம். எழுந்து கண்ணாடியில பாத்தா, பின்னால நீங்க சிரிச்சுக்கிட்டிருந்தீங்க. அன்னைக்கு ராத்திரிதான் மெரேயானாகிட்டக் கத்துக்கப் போனேன்."

நூரோவா சிரித்தது உண்மை. அந்தச் சிரிப்பை இப்போது முகத்திலிருந்து பிடுங்கிக் கடலில் எறிய முடிந்தால் எறிந்திருப்பார். அவள் முதுகு அவருக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதைத் தொட்டுப் பேச அவருக்குத் தைரியம் வரவில்லை. வீடு வரை பிடிமானத்துக்கு இருக்கையின் கம்பியைத்தான் பிடித்துக்கொண்டு வந்தார்.

திங்கட்கிழமை விடியலில் அகாயிதி விடுதியின் சீருடையைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் நூரோவா நின்றிருந்தார். சட்டை மாற்றி, தலை வாரி, கையில் தலைக்கவசத்தோடு நின்றிருந்தார். விடியற்காலை முதுகுவலி எங்கே போனதென்று தெரியவில்லை. கிளப் திறக்க நேரம் கிடந்தது. வாசலிலேயே உட்கார்ந்து காத்திருக்க அவர் தயாராக இருந்தார். வீட்டில் தனியாக இருப்பதை நினைத்தால்தான் என்னமோ செய்தது. கிளப்பும் விடுதியும் ஒரே பக்கம்தான். வாசலில் வலப்பக்கம் திரும்பினால் முதலில் கிளப், அதற்கப்புறம் விடுதி. கிளப்பைத் தாண்டாமல் விடுதிக்குப் போக வேண்டுமானால் ஒருவர் தீவையே சுற்றியாக வேண்டும்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நூரோவா தன் மனைவியிடம் ஒன்று கேட்டார். குரல் அவருக்கே புதிதாக இருந்தது.

"அகாயிதி, போற வழிதானே? என்னைக் கிளப்புல இறக்கி விட்டுட்டுப் போறியா?"

அவள் வண்டியை வாசல்வரை உருட்டினாள். தலைக்கவசத்தின் வாரை இழுத்து மாட்டினாள். சட்டப்படி சாலையின் இரு பக்கமும் பார்த்தாள். இடப்பக்க விளக்கைப் போட்டாள்.

"இன்னைக்கு நான் சுத்திப் போறேன்," என்றாள்.