நாற்பத்தொன்றாம் எண்ணின் வாசகர்

அன்பும் மரியாதையும் நிறைந்த அக்காவுக்குத் தம்பி வணங்கி எழுதுவது. நீ, அத்தான், பிள்ளைகள், அத்தானின் இடது முழங்கால் எல்லோரும் சுகந்தானே? இங்கே நானும் வீடும் சுகம். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் தைரியம் போய்விடும். ஐம்பத்து நாலு வயதில், நான் எழுதிய கட்டுரைக்கு நானே இடது கையால் விமர்சனம் எழுதி, அதை வேறு யாரோ எழுதியதாக ஒரு வகுப்பையே நம்பவைத்துவிட்டேன். அத்தானுக்கு இதைப் படித்துக் காட்டாதே. காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் இடது கையை மட்டுமாவது விட்டுவிடு.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று, படிப்பாவது கிடிப்பாவது, மூட்டையைக் கட்டிக்கொண்டு வருகிறாயா இல்லையா, இந்த மாதக் கடைசிக்குள் சொல் என்று எழுதியிருந்தாய். அதற்குப் பதில்தான் இது. கொஞ்சம் சுற்றித்தான் வரும், பொறுத்துக்கொள். இந்த வயதில் எதற்கு ஆங்கில இலக்கியம் என்று நீ கேட்டபோது 'அறிவு வளர' என்று பெரிய மனுஷன் மாதிரி பதில் எழுதினேனே, அது பொய். என் மனைவி போய்ச் சேர்ந்த மூன்றாவது வருஷம் வானொலியில் செய்தி வாசிக்கிறவர் வணக்கம் சொன்னால் நானும் 'வாங்க, வணக்கம்' என்று சொல்ல ஆரம்பித்தேன். அதுகூடப் பரவாயில்லை. ஒருநாள் அந்த ஆள் என்னைப் பேசவே விடாமல் மேலே மேலே பேசிக்கொண்டு போனதில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் விண்ணப்பம் வாங்கினேன். முதல் நாளே கல்லூரி வாசலில் காவலாளி, "பேரன்ட்ஸ் எல்லாம் அந்த ஹால்ல உக்காருங்க சார்" என்று கை காட்டினார். மறுத்துப் பேசக் கூச்சப்பட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார், "உங்க பிள்ளை என்ன படிக்குது?" என்றார். "இங்கிலீஷ் லிட்டரேச்சர்." "நல்லா படிக்குமா?" "சுமார்தான். யார்கூடவும் ஒட்ட மாட்டேங்குது, அதான் கவலை" என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்து, "போகப் போகச் சரியாயிடும், விடுங்க" என்றார். அக்கா, இங்கே சேர்ந்த பிறகு என்னிடம் யாரும் அவ்வளவு ஆறுதலாகப் பேசியதில்லை.

வகுப்பில் நான் கடைசி எண், நாற்பத்தொன்று. மற்ற நாற்பது பேரும் பத்தொன்பது வயது. கெட்ட பிள்ளைகள் இல்லை. "அங்கிள், கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்கோங்க, போர்டு மறைக்குது" என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசியதில்லை. அதைத் தவிர ஒரு வார்த்தை பேசியதுமில்லை. எங்கள் பேராசிரியை ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் எல்லாரும் ஒரு கட்டுரை எழுதி, மேலே எண்ணை மட்டும் போட்டு, ஒரு அட்டைப்பெட்டியில் போட வேண்டும். பிறகு ஆளுக்கொன்றாகக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், படித்து, அடியில் கையெழுத்தில்லாமல் விமர்சனம் எழுதித் திங்கட்கிழமை பெட்டியில் போட வேண்டும். எழுதியவர் யாரென்று ஊருக்கே தெரியும், படித்தவர் யாரென்று யாருக்கும் தெரியாது. ஒரு கதையில் தனியாக இருக்கும் கிழவர் தினமும் மேசையில் இரண்டு கோப்பைகளை எடுத்து வைப்பார். அதைப் பற்றி நான் ஐந்து பக்கம் எழுதினேன், மூன்று இரவு தூக்கமில்லாமல். திங்கட்கிழமை தாளைத் திருப்பினால் அடியில் 'நைஸ்' என்று ஒரு வார்த்தை, பக்கத்தில் சிரிக்கிற வட்ட முகம். அடுத்த வாரம் முகம்கூட இல்லை, நைஸ் மட்டும். மூன்றாவது வாரம் அந்தக் கோப்பைகளைப் பற்றியே மறுபடி எழுதிப் போட்டுவிட்டுப் பெட்டிக்குள் கை விட்டேன், வந்தது என் தாளேதான். திருப்பிப் போட வேண்டும், அதுதான் விதி. நான் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இருபத்தெட்டு வருஷம் காப்பீட்டு அலுவலகத்தில் நஷ்டஈடு கேட்டு வருகிற மனுக்களைத் தட்டிக்கழித்தவன் நான், வேறு எப்படி விமர்சனம் எழுதுவேன்? 'சேதம் எந்தத் தேதியில் நேர்ந்தது என்று கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லவில்லை. இரண்டாவது கோப்பையைப் பற்றி இவருக்கு நேரடி அறிவு இருப்பதாகத் தெரிகிறது, மறைக்கிறார். உரிய சான்றுடன் மீண்டும் எழுதவும்.' இதைப் பேராசிரியை வகுப்பில் உரக்கப் படித்தார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை எழுதினது யாரு? எழுந்திரிங்க." ஒரு தலை அசையவில்லை. என் தலை மட்டும் லேசாக ஆடியது, அது பயத்தில். "சரி, கூச்சப்படுறாங்க போல. கையெழுத்தைப் பாருங்க, உணர்ச்சியில எப்படி நடுங்கியிருக்கு!" என்றவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குன்னு ஒரு வாசகர் கிடைச்சிருக்காங்க சார். இவ்வளவு வருஷம் பாடம் எடுக்குறேன், எனக்கே அப்படி ஒருத்தர் இல்ல." அதோடு விட்டிருக்கலாம். இனி நாற்பத்தொன்றின் கட்டுரை பெட்டிக்குள் போக வேண்டாம், நூலகத்தில் கடைசி அலமாரியில் ஒரு பழுப்பு உறையில் இருக்கட்டும், கூச்சக்கார வாசகர் வசதிப்படி வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சட்டமே போட்டுவிட்டார். அதன்பிறகு என் வெள்ளிக்கிழமையைக் கேள். மூன்று மணிக்கு உறையில் தாளை வைப்பேன். வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு, மூன்றரைக்கு யாரோ போல உள்ளே வந்து, இரண்டு பக்கமும் பார்த்து, அதே தாளை எடுப்பேன். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இடது கை. திங்கட்கிழமை காலையில் அதை உறைக்குள் திருப்பி வைத்துவிட்டு, சாயங்காலம், என்ன எழுதியிருப்பார்களோ என்று நெஞ்சு படபடக்கப் போய் உறையைப் பிரிப்பேன். சிரிக்காதே, நிஜமாகவே படபடத்தது.

போன வாரம் பிரித்தால், என் இடது கைக்கு அடியில் பென்சிலில் வேறொரு கையெழுத்து! சத்தியமாக என்னுடையது இல்லை. எனக்கு மூன்றாவது கை கிடையாது. அதைத் தமிழில் சொல்கிறேன்: 'மன்னிக்கவும், உறையைத் திறந்து படித்துவிட்டேன். கட்டுரை எழுதியவர் தனியாக இருப்பவர் என்று தெரிகிறது. விமர்சனம் எழுதியவரும் அப்படித்தான் போலிருக்கிறது. நீங்கள் இருவரும் ஒருமுறை சந்தித்தால் என்ன?'

அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன் அக்கா. சிரித்தேனா என்னவென்று தெரியவில்லை, நூலகத்து அம்மாள் எட்டிப் பார்த்து, "தண்ணி வேணுமா சார்?" என்றார். யாராக இருக்கும்? முன் பெஞ்சில் எப்போதும் பென்சில் கடித்துக்கொண்டிருக்கும் பெண்ணா? அலமாரி துடைக்கிறவரா? போர்டு மறைக்கிறது என்ற பையனேதானா? 'நாங்கள் இருவரும் ஏற்கெனவே சந்தித்திருக்கிறோம், பெரிதாக ஒத்துப்போகவில்லை. மூன்றாவதாக நீங்கள் வருவதாக இருந்தால் டீ என் செலவு' என்று வலது கையாலேயே எழுதி உறையில் வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் மூட்டையைக் கட்டிக்கொண்டு வா என்கிறாயே, எப்படி வருவேன்? அவர் வந்து பார்க்கும்போது உறை காலியாக இருந்தால் என்ன நினைப்பார்? என்னைப் படித்த ஒரே ஆள். மாடி அறையைப் பிள்ளைகள் படிக்கக் கொடுத்துவிடு, வெள்ளையடித்தது வீண்போகாது. என் பதில் இதுதான்: வரவில்லை.

அத்தானுக்கு என் வணக்கமும், முழங்காலுக்குத் தனியாக விசாரிப்பும். பிள்ளைகள் நூறு வயது பேச்சுத்துணையோடு இருக்கட்டும்.

உன் பிரியமுள்ள தம்பி.

பி.கு.: மாடி அறையை இப்போதைக்கு யாருக்கும் கொடுத்துவிடாதே. மேலே 'போன வாரம்' என்று எழுதியிருக்கிறேன். அந்தப் பென்சில் எழுத்து வந்து ஏழு வாரம் ஆகிறது. என் சீட்டு உறையில் வைத்தபடியே இருக்கிறது.