நினைத்த நிமிஷத்தில் விட்டுவிடுகிறவர்கள்

பீடிக்கு அடிமையானவர்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அவர்கள் பாவம். நான் சொல்ல வந்தது, பதினாறு பதினேழு வயதில் மேலுதட்டில் பூனைமயிரோடு திரியும் வேறோர் இனத்தைப் பற்றி: நினைத்தால் விட்டுவிடுகிறவர்கள். எத்தனையோ ஊர்களின் ரயிலடிகளிலும் துறைமுகங்களிலும் இவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் நீலகிரியில் வளர்வதுபோல் வேறெங்கும் வளர்வதில்லை. இங்கே காலை எட்டு மணிக்கு வாயைத் திறந்தால் பச்சைக் குழந்தைக்கும் புகை வருகிறது. எவன் பிடிக்கிறான், எவன் சும்மா மூச்சு விடுகிறான் என்று எந்தத் தாய் கண்டுபிடிப்பாள்?

முதல் பீடியை யாரும் ருசிக்காகக் குடிப்பதில்லை. மஞ்சூர் பஸ்ஸுக்காகக் குளிரில் ஒடுங்கி நிற்கும் நான்கு பேர் ஒரே பீடியைச் சுற்றுக்கு விடுகிறார்கள். ஐந்தாமவன் கையை நீட்டாவிட்டால் அவன் சின்னப்பிள்ளை. நீட்டுகிறான், இழுக்கிறான், கண்ணில் நீர் முட்டுகிறது, தலை சுற்றுகிறது, தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்கிறான், நிமிர்ந்து, "நல்லாத்தான் இருக்கு" என்கிறான். அடுத்த வாரம் சனிக்கிழமை மட்டும். அதற்கடுத்த வாரம் சனிக்கிழமையும், மழை பெய்கிற நாளும். இங்கே மழை பெய்யாத நாள் எது? பிறகு சோற்றுக்குப் பின் ஒன்று. சோறு இல்லாத நாளில் சோற்றுக்குப் பதிலாக ஒன்று. இவ்வளவு ஆனபிறகும் அவன் பீடி வாங்குகிறவன் அல்ல, கொடுத்தால் மறுக்காதவன். வாங்கத் தொடங்கியதும் பிடிக்கிறவன் அல்ல, சும்மா வைத்திருக்கிறவன்.

தங்கையாவை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கைத் தோட்டத்தை விட்டுத் தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, தாய் கருப்பம்மாவோடு இந்த மலைக்கு வந்து சேர்ந்தவன். வயது பதினேழு.

"ஏங்கண்ணு, நேத்துத்தானே ஒரு கட்டு வாங்கீட்டுப் போனே? அதுக்குள்ள தீந்து போச்சா?" என்றாள் பெட்டிக்கடை பாலாமணி.

"கூட்டாளிமாருக்குக் குடுத்தேன் அக்கா. எனக்கென்ன, நெனச்சா இன்னைக்கே விட்டுருவேன்."

"எப்ப நெனைக்கறதா இருக்கறே?"

"நேரம் வரட்டும்."

பீடி கிடைக்காத காலையில் தாய் சுட்ட ரொட்டி அவனுக்குக் கல்; தேங்காய்ச் சம்பல் வெறும் உப்பு; அவள் கேட்கும் கேள்வியெல்லாம் முள். கை நடுங்கும். குளிர் என்பான். வெயிலிலும் நடுங்கும். அதுவும் குளிர்தான்.

நேரம் வந்தது. பக்கத்துத் தேயிலை ஃபாக்டரியில் டீமேக்கர் கொர்னேலியஸுக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ரோலரில் உருண்ட கொழுந்தைப் பரப்பிவைத்தால், பச்சை வாசம் போய்ப் பழவாசம் ஏறும் நேரம் ஒன்று உண்டு. அதை மூக்கால் பிடிக்க வேண்டும். நிரந்தர வேலை. அதோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தனியாக ஒரு காம்பரா. நான்கு வருஷமாக அடுத்தவர் அறையில் பாதியை வாங்கி, நடுவே சேலை கட்டி முடங்கிக் கிடக்கும் கருப்பம்மா, அந்த ஓர் அறைக்காக மகனின் மூக்கை முருகனிடமே ஒப்படைத்திருந்தாள். ஒரே ஒரு நிபந்தனை: பீடி வாடை கூடாது. தேயிலை எந்த வாடையையும் கூச்சமில்லாமல் உறிஞ்சிக்கொள்ளும்.

"ஒரு நாளைக்குத் தொடாம இருடா ராசா."

"இதெல்லாம் ஒரு விசயமா அம்மா?"

வேலை கேட்டுப் போகிற அன்று காலை ஆறு மணிக்கு அவன் தொடவில்லை. ஆறரைக்கு யோசித்தான்: பிடிக்காவிட்டால் கை நடுங்கும், நடுங்கினால் நோயாளி என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், ஆகவே வேலையின் நன்மைக்காகவே ஒன்று. பிடித்துவிட்டு, இந்த மலையில் இவ்வினத்தார் அனைவரும் செய்வதைச் செய்தான்: தைலம் காய்ச்சும் கற்பூர மரத்து இலையைக் கை நிறையப் பறித்து, கசக்கி, விரல், கழுத்து, கன்னமெல்லாம் தேய்த்து, மிச்சத்தை மென்றான். தாய்மாரை ஏமாற்ற அது போதும். பிள்ளைக்குச் சளி என்று நினைத்துக்கொள்வார்கள். அந்தக் கையோடு போய்க் கொழுந்துக் குவியலை அள்ளி முகர்ந்தான்.

கொர்னேலியஸும் குனிந்து முகர்ந்தார். "ஏந்தம்பி, தைலம் காய்ச்சுற எடத்துலருந்தா வர்றே?"

"சளி, சார்."

"சளி புடிச்ச மூக்கை வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? பீடிதானே?"

"நெனச்சா விட்டுருவேன் சார்."

"அப்ப நெனை. மத்தியானச் சங்கு ஊதற வரைக்கும் அந்தப் பெட்டி மேல உக்காரு. எந்திரிக்காம இருந்தா வேலை உனக்கு."

மணி எட்டு. ஒன்பதுவரை சீட்டியடித்தான். பத்துவரை கூரைத் தகரத்தின் ஆணிகளை எண்ணினான். பிறகு முழங்கால் தானாக ஆடியது, அதைக் கையால் பிடித்தான், கை ஆடியது. பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தான். குழாய் உள்ளேதான் இருந்தது. அவன் வெளியே போனான்.

வாசலில் சோற்றுத் தூக்கோடு நின்றிருந்த கருப்பம்மா, "வேலை கெடச்சிருச்சா?" என்றாள். விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து வந்தவன் முகத்தைப் பார்த்ததும் தூக்கை நீட்டாமல் திரும்பி நடந்தாள்.

"அம்மா, நெனச்சேன்மா. முடியலம்மா."

அவள் நின்றாள். கதவருகே வந்த கொர்னேலியஸ் சொன்னார்: "இதைக் காலையிலயே சொல்லியிருக்கலாமே? அடுத்த மாசம் இன்னொரு வாட்டி வா. எலை தேய்க்காம வா."

ஆக, தங்கையா இந்த இனத்திலிருந்து விலகிவிட்டான். முடியவில்லை என்று சொல்லத் தெரிந்தவனுக்கு இங்கே இடமில்லை. என் கவலையெல்லாம் உங்களைப் பற்றித்தான். நீங்கள் வளர்ந்தவர், படித்தவர், பீடியைக் கையாலும் தொடாதவர், சிகரெட் மட்டும், அதுவும் எப்போதாவது. இருக்கட்டும். இதைப் படிக்கிறபோது நடுவில் ஒருமுறை எழுந்து வாசல்வரை போய்விட்டு வந்தீர்களே, எதற்கு?