ஒரு நடுக்கம்கூட இல்லாத கார்

இரைச்சல் ஒழிப்பாளர் என்றொரு ரகம் மனித குலத்தில் உண்டு. அவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பக்கத்து வீட்டில் மிக்சி ஓடினால் முகத்தைச் சுளிப்பார், மின்விசிறி முனகினால் ஏணியைத் தூக்கி வருவார், குழாய் சொட்டினால் தூக்கம் போச்சு என்று மறுநாள் முழுக்கப் புலம்புவார், உலகத்திலேயே சத்தமில்லாத பிறவி தான் ஒருவர்தான் என்று மனதார நம்புவார். அவர் தும்மினால் மட்டும் மூன்று மாடிக்குக் கேட்கும்.

மாதிரிக்கு ஒருவரை எடுத்துக்கொள்வோம். குடியிருப்பில் இவருக்கு 'இரைச்சலார்' என்று பெயர். குடிநீர் அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் வேலை. பகலெல்லாம் ஊர்க் குறைகளை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், ரிமோட்டில் ஓடும் ஒரு சிவப்புக் காரின் முன்னால் சால்டரிங் கம்பியோடு உட்கார்ந்துவிடுவார். எங்கே? சாப்பாட்டு மேசையில். குடும்பம் பல மாதமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில் சாப்பிடுகிறது.

காருக்கு என்ன நோய்? நடுக்கம்தான். விசையை அழுத்தினால் ஓடும். ஓட ஓட முன் சக்கரங்கள் குளிர்க்காய்ச்சல் கண்டதுபோல் வெடவெடக்கும். பிறகு அதற்கே தோன்றிய திசையில் போய் மோதும். போன மாதம் மச்சான் காலில் ஏறியது. மச்சான் என்றால் மனைவியின் தம்பி, பல் டாக்டர், வலியென்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

குற்றவாளி மோட்டார். அதற்குள்ளே இரண்டு கரித்துண்டுகள் சுழலும் செம்பின்மேல் உரசிக்கொண்டே இருக்கின்றன. உரசும்போது பொறி பறக்கிறது. பொறி ஒவ்வொன்றும் தானும் ஒரு வானொலி நிலையம் என்ற நினைப்பில் கண்டதையும் ஒலிபரப்புகிறது. ரிமோட் சொல்வது எது, மோட்டார் உளறுவது எது என்று புரியாமல் காருக்குள் இருக்கும் ரிசீவர் விழிக்கிறது, பாவம்.

மருந்து கெப்பாசிட்டர், அந்த உளறலை விழுங்கி அடக்கும் குட்டி வில்லை. கடைக்காரர் மூன்று போதும் என்றார். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் அதன் தகர உடம்புக்கு ஒவ்வொன்று. மூன்றோடு நிறுத்துகிற ஆளா நம்மவர்? தகரத்தைச் சுரண்டி, இடம் கிடைத்த பக்கமெல்லாம் பற்றவைத்து, ஒயரை முறுக்கி, முறுக்கியதை மறுபடி முறுக்கி, மோட்டாரை முள்ளம்பன்றி ஆக்கிவிட்டுத்தான் ஓய்ந்தார். நடுக்கம் முக்கால்வாசி போனது. கால்வாசி இருந்தது. அந்தக் கால்வாசி இவர் உயிரை எடுத்தது.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை தம்பியும் அவன் காரை எடுத்துட்டு வரான்," என்றாள் மனைவி. "கீழ வண்டி நிறுத்துற இடத்துல ஒரு சுத்து. உங்க கார் ஒழுங்கா சுத்தி வந்துட்டா மேசை உங்களுக்கே. இல்லன்னா மேசை எங்களுக்கு. சரியா?"

"உம்."

இந்த 'உம்' இருக்கிறதே, அதுதான் இவர் குடும்பத்துக்குப் போட்டிருக்கும் கெப்பாசிட்டர். மனைவி பேச்சு, மகள் பேச்சு, ஊரிலிருந்து வந்த மாமியார் பேச்சு, எது வந்தாலும் அதில் பட்டு அடங்கிப்போகும். உள்ளே ஒரு எழுத்து நுழையாது.

சனிக்கிழமை இவருக்கு ஒரு ஞானம் பிறந்தது. சமையலறையிலிருந்து அலுமினியத் தாளை எடுத்து வந்தார். ரிசீவரை அதில் சுற்றினார். வால்போல் தொங்கிய ஏரியல் ஒயரைப் பார்த்தார். அதுவும் இரைச்சலைப் பிடிக்குமே என்று அழகாகச் சுருட்டி, அதையும் உள்ளே வைத்துச் சுற்றினார்.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க இது, அதுல சாப்பாட்டைச் சுத்தினா வாசனையே வெளிய வராது. ரிமோட் சொல்றது மட்டும் எப்படி உள்ள போகும்?"

"உம்."

மேசைமேல் வைத்துச் சோதித்தார். ரிமோட் காருக்கு ஒரு முழம் தள்ளி இருந்ததால் எல்லாம் பிரமாதமாக வேலை செய்தது. சக்கரம் வலம் போனது, இடம் போனது, இம்மியும் நடுங்கவில்லை. மனிதர் கண் கலங்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை குடியிருப்பே கீழே கூடியது. மகள் கையைத் தட்டினாள், கார்கள் கிளம்பின. மச்சானின் நீலக் கார் இருமிக்கொண்டும் உதறிக்கொண்டும் போனது. சிவப்புக் கார் அம்பாய்ப் பறந்தது. முதல் வளைவு வந்தது. இரைச்சலார் ரிமோட்டில் வலதுபக்கம் திருப்பினார். கார் நேராகப் போனது. கட்டை விரல் வெளுக்கும்வரை திருப்பினார். அதற்குள் அது எட்ட முடியாத தூரம் போய்விட்டது. தாளுக்குள் கடைசியாகக் காதில் விழுந்த 'வேகமாகப் போ' என்ற ஒரே கட்டளையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி, எதிரே திறந்து கிடந்த சலூனுக்குள் நுழைந்து மறைந்தது.

நீலக் கார் நடுங்கி நடுங்கி ஒரு சுற்றை முடித்தது.

"பாத்தியா மச்சான்," என்றார் இரைச்சலார் பெருமையாக. "ஒரு நடுக்கம்கூட இல்ல."

சற்று நேரத்தில் சலூன்காரர் வந்தார். கையில் சிவப்புக் கார், சக்கரமெல்லாம் யார் யார் தலைமுடியோ. "சார், இது உங்களுதா? நானும் கூப்பிட்டுப் பாத்தேன், கத்திப் பாத்தேன். யார் சொல்றதையும் காதுல வாங்கல."

கூட்டம் காரைப் பார்க்கவில்லை. இவரைத்தான் பார்த்தது.

"நான் நேத்தே கேட்டேனே," என்றாள் மனைவி.

"எப்ப கேட்ட?"

அன்று மேசைக்குத் தட்டுகள் வந்தன. மனைவியும் மகளும் சாவகாசமாகக் கையை நீட்டிச் சாப்பிட்டார்கள், பேசினார்கள், சிரித்தார்கள். இரைச்சலார் மடியில் காரை வைத்துக்கொண்டு, தாளை இன்னொரு சுற்றுச் சுற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நமக்குச் சிரிப்பு வருகிறது. வரட்டும். ஆனால் ஒரு விஷயம். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து யாரோ உங்களிடம் ஏதோ சொன்னார்கள். நீங்களும் தலையை நிமிர்த்தாமல் "உம்" என்றீர்கள். அடுப்பில் பால் வைத்திருக்கிறது, பார்த்துக்கொள் என்றுதான் சொன்னார்கள். எழுந்து போய்ப் பாருங்கள்.