நாற்காலி வந்தது, சுவர் போனது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

நீங்களும் தங்கையும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் சௌக்கியத்தைக் கேட்காதீர்கள். நேற்று நடந்ததைப் போனில் சொன்னால் கத்திவிடுவேன், அதனால்தான் கடிதம்.

நான் வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் குடியிருக்கும் தையல்காரம்மாவுக்கு உங்கள் சேவைச் சங்கம் மின்சாரச் சக்கர நாற்காலி கொடுக்கப் போகிறது என்றதும் முதலில் சந்தோஷப்பட்டவன் நான்தான். சின்ன வயதிலேயே இரண்டு காலும் செயலிழந்து, தரையோடு தரையாக நகர்ந்து, தைத்துப் பிழைக்கிற மனுஷி. தலைவரான நீங்கள் மாநாட்டுக்குப் போய்விட்டீர்கள், உங்கள் ஆட்கள் வந்தார்கள். வந்ததும் மூன்று பேர் டேப்பைப் பிடித்து முன்சுவரை அங்குலம் அங்குலமாக அளந்தார்கள். எதற்கு? உங்கள் படம் போட்ட பேனர் கட்டுவதற்கு. பக்கத்திலேயே இருந்த வாசலை ஒருத்தரும் அளக்கவில்லை. பொருளாளர், "நானே ஓட்டிக்கிட்டு உள்ள போறேன், போட்டோ நல்லா வரும்" என்று ஏறி உட்கார்ந்தார். அவர் உடம்பு உங்களுக்குத் தெரியும். நாற்காலி பாதி வாசலில் சிக்கிக்கொண்டது. பின்னாலிருந்து நாலு பேர் இழுக்க, இவர் பதற்றத்தில் பின்பக்கம் தள்ள வேண்டிய கைப்பிடியை முன்பக்கம் தள்ளிவிட்டார். நல்ல நாற்காலி மாப்பிள்ளை, அதைக் குறை சொல்ல மாட்டேன். கதவு நிலையோடு பெயர்ந்து, இரண்டு பக்கச் சுவரும் கூடவே வந்துவிட்டது. பொருளாளருக்குக் கீறல்கூட இல்லை, மாவு மில்லிலிருந்து வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

உங்கள் சங்கத்துக் காண்டிராக்டர் மிச்சச் சுவரை விரலால் தட்டிப் பார்த்து, "பாதி விழுந்தாச்சு சார், மீதியும் நிக்காது. இடிச்சுடுவோமா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். எதற்கெடுத்தாலும் கைதட்டுவது என்ன பழக்கம்? மத்தியானத்துக்குள் ஒரு வேன் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதை மறைக்க அந்தப் பேனரைத் தொங்கவிட்டுப் போனார்கள். இப்போது என் வீட்டுக் கதவு நீங்கள்தான். காற்றடித்தால் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறீர்கள், வெளியே வருகிறீர்கள்.

தையல்காரம்மா மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "வாசல்ல ஒரு சரிவு போட்டுத் தாங்கன்னுதாண்ணா கேட்டேன்" என்றார். எனக்கு இருந்த ஆத்திரத்தில், "சுவரைப் பழையபடிதான் கட்டுவேன். நாற்காலி நுழையலைன்னா திருப்பிக் கொடுத்துடும்மா" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா முகம் வாடிப்போனது. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆனால் என் சுவர் என் சுவர்தான்.

ஆகவே உடனே கொத்தனாரை அனுப்பி, அதே அகலத்தில் அதே வாசலை வைத்துத் தரவும். இல்லையென்றால் உங்கள் அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து பேசுவேன், எனக்கு மைக் தேவைப்படாது.

தங்கைக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு என் ஆசிகள். பொருளாளருக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
சுவரிழந்த உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தெருவிலிருந்து "அண்ணா" என்று குரல் கேட்டது. தையல்காரம்மா. யார் துணையும் இல்லாமல், அந்த நாற்காலியில் தானாகவே வந்திருக்கிறார். "உங்களுக்கு என்னால சிரமம் வேணாம்ணா. நாற்காலியை என்னால திருப்பிக் கொடுக்க முடியாது. வேற வீடு பாத்துக்கறேன்" என்றார். "அதெல்லாம் அப்புறம் பேசலாம், முதல்ல உள்ள வாம்மா" என்றேன். அவர் எங்கள் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எப்படிண்ணா?" என்றார். மூணு படி, அதுக்கு மேல ஒரு குறுகலான வாசல். இத்தனை வருஷமா வாடகை வாங்க நான் அங்க போய்க் குடிக்கத் தண்ணி வாங்கிக் குடிச்சிருக்கேன் மாப்பிள்ளை, அந்தம்மா நம்ம வீட்டுக்கு ஒரு தடவைகூட வந்ததில்லைங்கறது எனக்குத் தோணவே இல்லை. எனக்கு வெட்கமாப் போச்சு. என் வீட்டுக்காரி காபியைத் தெருவுக்கே எடுத்துப் போய், வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அந்தச் சுவரைக் கட்ட வேண்டாம், ஒரு பெரிய கதவு மட்டும் போட்டுச் சரிவு வையுங்கள். அதற்கு முன்னால் அந்தக் காண்டிராக்டரை இங்கே அனுப்புங்கள், எங்கள் வாசலை இடிக்க வேண்டும். அந்தம்மா இன்னும் தெருவிலேதான் இருக்கிறார்.