குடிக்காதவனுக்கு ஒரு சாட்சி

செல்வி, பாபு, உங்கள் அம்மா இந்தக் கதையை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூட நிறுத்திவைத்துச் சொன்னாள். அவள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் கடைசித் துண்டு அவளுக்குத் தெரியாது. அதற்காகத்தான் எட்டாவதோடு நின்றவன் பேனாவை எடுத்திருக்கிறேன். தப்பு இருந்தால் சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் உங்கள் அப்பா சகிக்கமுடியாத நல்லவன். பீடி கிடையாது, பாக்கு கிடையாது, டீயில்கூடப் பாதிச் சர்க்கரைதான். (கேட்காதவர்களிடமும் இதைச் சொல்வேன்.)

தொண்ணூறுகளின் நடுவில் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். அங்கே கோவிந்தண்ணன் என்று ஒரு டர்னர். அவர் கடைந்த சாமானில் நூலளவு பிசகு இருக்காது. ஆனால் சாயங்காலமானால் குடிப்பார். பட்டறையில் எட்டுப் பேருக்கு எட்டு எவர்சில்வர் டம்ளர். அவருடையதில் மட்டும் சிவப்புப் பெயிண்டில் ஒரு பட்டை இழுத்தது நான்தான். “குடிக்கிற வாய் வச்ச டம்ளர் மாறிடக் கூடாதில்ல?” என்று விளக்கமும் கொடுத்தேன். அவர் மறுநாளிலிருந்து அதைத் தானே கழுவி, தனியாகக் கவிழ்த்து வைத்தார். (பாருங்கள், எவ்வளவு ஒழுங்காகிவிட்டது என்று நினைத்தேன்.)

அந்தச் சமயம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா பட்டறை பட்டறையாக வந்தார். மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம். குடி பற்றி ஆராய்ச்சி செய்கிறார்களாம். குடிப்பவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க, அதே வயதில், அதே மாதிரி வேலையில், குடிக்காத ஆட்களும் வேண்டுமாம். நான் இரண்டு கையையும் தூக்கினேன். இத்தனை வருட ஒழுக்கத்துக்கு அரசாங்கமே ஆள் அனுப்பியது போல இருந்தது.

நான்கு சனிக்கிழமை போகவேண்டும். வாசலில் “குடிநோய்ப் பிரிவு” என்று கன்னடத்தில் ஆள் உயரப் பலகை. உள்ளே போனால் பெஞ்சில் கோவிந்தண்ணன்! சனிக்கிழமைதோறும் கோயிலுக்குப் போவதாக எங்களிடம் சொல்லியிருந்தவர்.

“தம்பி, இங்க பாத்தேன்னு பட்டறையில சொல்லிடாதப்பா” என்றார். குடித்ததை அவர் என்றைக்கும் மறைத்ததில்லை. விட முயற்சி செய்வதைத்தான் மறைத்திருந்தார்.

டாக்டரம்மா கேள்வித்தாளை எடுத்தார். “லீவு நாள்ல என்ன பண்ணுவீங்க?”

“துணி துவைப்பேன் மேடம்.”

“அப்புறம்?”

“காயப்போடுவேன்.”

“சிரிச்சுப் பேச எத்தனை பேர் இருக்காங்க?”

“எதைப் பத்திச் சிரிக்கணும் மேடம்?”

அவர் ஏதோ நீளமாக எழுதினார். நல்ல மார்க்தான் என்று நினைத்தேன். நாலாவது சனிக்கிழமை, “உடம்புல ஒரு குறையும் இல்ல. ஆனா யார்கூடயாவது உட்கார்ந்து கொஞ்சம் விளையாடுங்க, ப்ளீஸ்” என்றார். அந்த ப்ளீஸ்தான் உறைத்தது.

வெளியே நோயாளிகள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோவிந்தண்ணன் நகர்ந்து இடம் கொடுத்தார். ரத்தம் எடுத்த கையில் பஞ்சோடு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் என் வாழ்க்கையின் முதல் சிவப்புக் காயை விழவைத்து, “போட்டேன் பாரு!” என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன்.

“மாப்ளே?”

ஒக்கலிபுரத்து உங்கள் தாத்தா. எனக்கும் உங்கள் அம்மாவுக்கும் நிச்சயமாகி, கல்யாணத்துக்கு இருபது நாள்தான் இருந்தது. கண் டாக்டரைப் பார்க்க வந்தவர், மருந்து வாங்கும் இடம் தெரியாமல் இந்தப் பக்கம் வந்துவிட்டார். என்னைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், என் கைப் பஞ்சைப் பார்த்தார்.

“மாமா, நான் குடிக்கிறதே இல்ல! குடிக்காதவன்னுதான் வரச்சொன்னாங்க!”

“குடிக்காதவனுக்கு இங்க என்னய்யா வேலை?”

பக்கத்திலிருந்த ஒரு நோயாளி அவர் கையை ஆதரவாகப் பிடித்தார். “ஏனாகல்ல சார், ஒண்ணும் ஆகாது. மொதல்ல நானும் இப்படித்தான் சொல்லிட்டிருந்தேன்.”

கோவிந்தண்ணன் எழுந்தார். “ஐயா, இவன் மோந்துகூடப் பாத்ததில்ல. பதினஞ்சு வருஷமா குடிச்சவன் சொல்றேன், எனக்குத் தெரியாதா?”

“நல்ல சாட்சி!” என்றார் உங்கள் தாத்தா. நேராக டாக்டரம்மாவிடம் போய்க் கேட்டார். “இங்க வர்றவங்களைப் பத்தி வெளியில சொல்றதில்ல சார்” என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதற்குமேல் என்ன ருசு வேண்டும்? நான் பின்னால் ஓடினேன், பஸ் போய்விட்டது. அன்றைக்கே கல்யாணத்தை நிறுத்திவைப்பதாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஞாயிறு. கோவிந்தண்ணன் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு மஞ்சள் பையோடு ஒக்கலிபுரம் போயிருக்கிறார். எனக்குத் தெரியாது. கதவைத் திறந்தது உங்கள் அம்மா. பையிலிருந்து டம்ளரை எடுத்து உங்கள் தாத்தா முன்னால் வைத்திருக்கிறார்.

“என் பேச்சை நம்ப வேணாங்க, இதைப் பாருங்க. நான் குடிக்கிறேன்னு எனக்குன்னு தனியா சிவப்பு அடிச்சு வச்சது உங்க மாப்ளதான். அவன் குடிக்கிறவனா இருந்தா இதைச் செய்வானா?”

உங்கள் தாத்தா டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். கடைசியில், “குடிக்கிறவனுக்கு இவ்வளவு கொழுப்பு இருக்காது” என்று சம்மதித்துவிட்டார்.

இதுவரைக்கும்தான் அம்மா சொல்வாள். நான் கொஞ்சம் பெரிய மனுஷன் மாதிரிப் பேச ஆரம்பித்தால், “சிவப்பு டம்ளரை எடுத்துட்டு வரட்டுமா?” என்று அவள் கேட்பதும், நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பதும் அதனால்தான். உங்கள் தாத்தா மட்டும் இன்றைக்கும் என்னை வாசலிலேயே நாலு வார்த்தை பேசவைத்து, மூக்கை உறிஞ்சிவிட்டுத்தான் உள்ளே விடுகிறார்.

மிச்சம் இது. திங்கள்கிழமை பட்டறைக்குப் போனபோது அந்த டம்ளர் வழக்கம்போலக் கழுவி, தனியாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. கோவிந்தண்ணன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்கள் அம்மா சொல்லித்தான் பிறகு எனக்கு விஷயம் தெரிந்தது.

தெரிந்த மறுநாள் காலை, எல்லோருக்கும் முன்னால் போய்ப் பட்டறையைத் திறந்தேன். உப்புத்தாளை எடுத்து அந்தப் பட்டையைத் தேய்த்தேன். பெயிண்ட் போய்விட்டது, ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளபளவென்று தனியாகத் தெரிந்தது. அப்படியே விட்டால் அதுவும் ஓர் அடையாளம்தானே? உட்கார்ந்து மற்ற ஏழு டம்ளர்களையும் அதே மாதிரி தேய்த்தேன். பிறகு எட்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கி, வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன்.