லட்டுக்குள் எலும்பு

சிகரெட்டை விடுவது பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் விட்டவரோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்களுக்கும் ஏதாவது பதக்கம் கொடுக்கலாம் என்பது என் கருத்து. எங்கள் வீட்டில் அம்மா, அக்கா, நான் என மூன்று பேருக்கு அந்தத் தகுதி உண்டு.

அப்பா புகையை விட்டது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். தாம்பரத்தில் ஒரு டாக்டர் அவருடைய எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்பா சட்டைப் பையிலிருந்த பாக்கெட்டை அங்கேயே குப்பைக் கூடையில் போட்டார். இரும்புலியூருக்குத் திரும்பும் வழியில் ஒரு கடலை உருண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நாங்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டோம். (கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடலை உருண்டையைச் சற்று உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.)

காலைக் காப்பிக்குப் பிந்தைய சிகரெட் இருந்த இடத்தில் கமர்கட்டு வந்தது. மின்சார ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்துக்குத் தேன் மிட்டாய். சாப்பாட்டுக்குப் பிறகு பால்கோவா. தாம்பரம் ஸ்டேஷனில் கலர் விளக்குகள் சுழலும் எடை மெஷின் ஒன்று உண்டு. காசு போட்டால் ஒரு பக்கம் எடையும் மறுபக்கம் பலனும் அச்சடித்த அட்டை வந்து விழும். ‘உங்களுக்கு உயர்வு காத்திருக்கிறது’ என்று ஒருமுறை வந்தது. அடுத்த மாதமே மெஷின் தன் வாக்கைக் காப்பாற்றியது.

அக்கா சுமதிக்கு நிச்சயதார்த்தம் குறித்த சமயம் அது. மாப்பிள்ளை வீடு பொழிச்சலூர். நிச்சயத்துக்கென்று அப்பாவுக்குப் பட்டுச் சட்டை தைத்து வந்தது. அளவு கொடுத்ததற்கும் சட்டை வந்ததற்கும் இடையில் மைசூர்பாகு சீசன் வந்துபோயிருந்ததால், வயிற்றுக்கு நேரே இருந்த பட்டனைப் போட அப்பா மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தது.

“நிச்சயம் முடியற வரைக்கும் இந்தப் பட்டன் நிக்கணும்,” என்றார் கண்ணாடி முன்னால் நின்று. “நிக்கலைன்னா நான் பழையபடி ஆரம்பிச்சிடுவேன். சிகரெட் பிடிச்சப்ப ஒல்லியாத்தானே இருந்தேன்?”

“எக்ஸ்ரேல இன்னும் ஒல்லியா இருந்தீங்க,” என்றாள் அம்மா. அப்பா சிரிக்கவில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

நான் அப்போதுதான் கருவிப் பொறியியலில் டிப்ளமோ முடித்து, மீட்டர்களைச் சோதிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். உலகத்தில் எந்தச் சிக்கலையும் எண் போட்டு எழுதினால் பாதி தீர்ந்துவிடும் என்று நம்பிய வயது. எழுதினேன். ஒன்று: நிச்சயத்துக்கு முன்னால் வீட்டில் இனிப்பு இருக்கக் கூடாது. இரண்டு: சீர்த்தட்டில் வைக்க அம்மா கேட்பது ஒரு பெரிய லட்டுக் கோபுரம். மூன்று: கோபுரத்தை முந்தின நாளே வீட்டில் அடுக்கியாக வேண்டும். மூன்று: அப்பா. (மூன்று இரண்டு முறை வந்ததை அன்று கவனிக்கவில்லை.)

விடை என் வேலையிடத்தில் மீட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மீட்டர் உடையாமலிருக்க வைத்துவரும் தெர்மாகோல்! பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது கோபுரத்தின் பரப்பளவுதான். கனஅளவை யார் பார்க்கப்போகிறார்கள்? தெர்மாகோலைக் கூம்பாகச் செதுக்கி, அதன் மேல் பல்குச்சியால் வரிசையாக லட்டுகளைக் குத்தி, ரோஸ் நிறக் கண்ணாடித்தாள் சுற்றினேன். அப்பா ஒன்றைத் தொட்டாலும் ஓட்டை தெரிந்துவிடும் என்பதால் காவலுக்குக் காவலும் ஆயிற்று. ஏமாற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. மீதி லட்டு கடையிலேயே பெட்டியில் இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் கிளம்பும்போது வாங்கி நேரே வேனில் ஏற்றிவிடலாம் என்பது திட்டம். அற்புதமான திட்டம்தான். அதை ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை.

நிச்சயம் நன்றாகவே நடந்தது. தட்டு மாற்றினார்கள். கோபுரத்தைப் பார்த்து மாப்பிள்ளையின் அம்மா புருவத்தை உயர்த்தினார். என் அம்மாவுக்கு ஓர் அங்குலம் வளர்த்தி கூடியது. தட்டுகளையெல்லாம் எங்கள் உள்ளறையில் வைத்துவிட்டுப் பந்திக்கு உட்கார்ந்தோம். அப்பாவின் பட்டன் நின்றுகொண்டிருந்தது.

அப்பளம் எடுக்க எழுந்தவள், உள்ளறைக் கதவு ஒருக்களித்திருப்பதைப் பார்த்து எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா தட்டுக்கு முன்னால் குந்தியிருந்தார். யார் கண்ணுக்கும் படாதிருக்கட்டும் என்று கோபுரத்தின் பின்பக்கமாகத் தாளைக் கிழித்து லட்டை இழுத்திருக்கிறார். கையில் பல்குச்சி நீட்டிக்கொண்டு ஒரு லட்டு. எதிரே, வெள்ளை வெளேரென்று ஒரு பொந்து.

“இன்னாம்மா இது,” என்றார் திகிலோடு. “லட்டுக்குள்ள எலும்பு கீது?”

நான் பதில் தேடுவதற்குள் என் முதுகுக்குப் பின்னால் யாரோ மெதுவாக உள்ளே நுழைந்தார்கள். அப்பா. சம்பந்தியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“தட்டெல்லாம் சரியா இருக்கான்னு பார்க்க வந்தேன்,” என்றார்.

“நானும் அதுக்குதான் வந்தேன் சம்மந்தி,” என்றார் அவர், லட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

கணவரைத் தேடி மாப்பிள்ளையின் அம்மா வந்தார். அவருக்குப் பின்னால் என் அம்மாவும் வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா பொந்தைப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார்.

“தெர்மாகோலு! நல்லா கீதே நாயம். பொண்ணு வூட்டுக்காரங்க கணக்கானவங்கன்னு சொன்னாங்க. இவ்ளோ கணக்கா?”

என் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். வாசற்படியில் மோதிரம் மின்ன அக்கா. அவள் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அவளும் மறக்க விடவில்லை.

நான் நிதானமாக, “முதலாவதாக…” என்று ஆரம்பித்தேன். எக்ஸ்ரே, கமர்கட்டு, எடை மெஷின், பட்டுச் சட்டை, கடையில் காத்திருக்கும் பெட்டி என்று வரிசையாகச் சொன்னேன். அப்பாவின் மானம் வரிசையாகவே போனது. மாப்பிள்ளையின் அம்மா கடைசிவரை கேட்டுவிட்டு, மெல்லத் தன் கணவர் பக்கம் திரும்பினார்.

“அது சரி. நீ ஏன்யா பந்திய வுட்டுட்டு இங்க வந்த?”

மறைத்து வைத்திருந்த லட்டு அதற்குள் அவர் வாய்க்குள் போயிருந்ததால் பேச முடியவில்லை.

“மலைக்கு மாலை போட்டப்போ பீடிய வுட்டாரும்மா,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா என்னிடம். “மாலைய கழட்டியும் பீடிய தொடல. அன்னிலேர்ந்து சக்கரை டப்பாவ நான் பூட்டி வச்சிகினு கீறேன்.”

அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விட்டோம். அப்பாவும் விட்டார். அவர் மட்டும் விட்டிருக்கக் கூடாது. பட்டன் தெறித்துப் பித்தளைத் தாம்பாளத்தில் ‘டிங்’ என்று விழுந்தது.

அப்பா அதைக் குனிந்து பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். சம்பந்தியும் பின்னாலேயே போனார்.

தெருமுனைப் பெட்டிக்கடைதான் அப்பா முன்பு சிகரெட் வாங்கிய கடை. பட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அப்பாவின் முதுகு தெரிந்தது. அவர் தலைக்கு மேலே புகை.

“அப்பா!” என்று நான் கத்திய கத்தலில் கடைக்காரர் கையிலிருந்த வெற்றிலை விழுந்தது.

அப்பா திரும்பினார். இடது கன்னம் புடைத்திருந்தது. புகை, பீடி பற்றவைக்கக் கடையில் தொங்கவிட்டிருந்த கயிற்றிலிருந்து வந்தது. பக்கத்தில் சம்பந்திக்கு வலது கன்னம் புடைத்திருந்தது.

“கமர்கட்டுதான்,” என்றார் அப்பா. “சிகரெட் கேக்கத்தான் வந்தேன். இவர்தான் விடல.”

“சொக்கா புச்சா தச்சிக்கலாம் சம்மந்தி,” என்றார் மற்றவர் கமர்கட்டை ஒதுக்கிக்கொண்டு. “நெஞ்சாங்கூட்ட எந்த டைலரு தச்சித் தருவான்?”

நான் அந்தக் கடை பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். எனக்கும் ஒரு கமர்கட்டு வாங்கிக் கொடுத்தார்கள்.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா, கோபுரத்தில் இருந்த லட்டுகளையெல்லாம் உரித்துச் சம்புடத்தில் போட்டுக்கொண்டிருந்தார். “இந்தத் தெர்மாகோல மட்டும் எனக்குக் குட்த்துடும்மா,” என்றார். “எங்க வூட்லயும் ஒருத்தருக்குக் காவல் வேணும்.” கடைப் பெட்டி முறைப்படி வேனில் ஏறியது.

கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்திகள் இருவரும் ஞாயிறுதோறும் ஏர்போர்ட் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தார்கள். எடை பெரிதாக ஒன்றும் குறையவில்லை, இருமல் நின்றது. அப்பா சட்டைப் பையில் இப்போது கிராம்பு வாசனைதான். யார் வீட்டு விசேஷத்தில் லட்டு வைத்தாலும் அக்காவின் மாமனாரான மாமா விரலால் ஒரு தட்டுத் தட்டி, “எலும்பில்லாததுதானே?” என்று என்னைப் பார்த்துக் கேட்காமல் சாப்பிடுவதில்லை.

சில வருடங்கள் கழித்து எனக்கு நிச்சயமானது. லட்டு அடுக்கும் பொறுப்பை யாரும் என்னிடம் தரவில்லை. அப்பாவும் மாமாவும் கதவைச் சாத்திக்கொண்டு தாங்களே அடுக்கினார்கள். உள்ளே வெளியே எல்லாம் அசல் லட்டு. உச்சியில் மட்டும் இரண்டு குறைந்திருந்தன.

அம்மா மாவிலைக் கொத்து ஒன்றைச் செருகி அந்த இடத்தை மறைத்தாள்.